கட்டாக்காலி நாய்களும் கட்டளைச் சட்டங்களும்

பிலிமத்தலாவை என்றதும் கண்டி இராச்சிய வரலாறு கற்றோருக்கு மகா அதிகாரம் ஒருவரின் பெயரே நினைவில் எழும். நாம் இங்கு பேச முற்படுவது அரசவைச் சதிகளைப் பற்றியன்று. அவ்வூர்க் கடையோரங்களில் திரியும் கட்டாக்காலி நாய்களைப் பற்றி. அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஆங்கிலேய ஆட்சி இலங்கையில் 1893 இல் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டத்தையும், 1901 இல் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டத்தையும் இயற்றியது. கட்டணம் செலுத்திப் பதிந்த நாய்க்கு வாழ்வு; பதியாத நாய்க்குச் சாவு. கட்டணம் செலுத்த வகையற்றவன் எவன் என்று சொல்லவும் வேண்டுமோ? இதற்கு அறுபதாண்டுகளுக்கு முன்பே, 1832 இல், பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல அரசு காசு கொடுத்தபோது பார்சி மக்கள் கலகம் விளைத்தனர். சென்னையிலோ கொலை ஓயவேயில்லை. 1860 இல் தொடங்கிய மாநகராட்சியின் நாய்க்கொலை, 1996 இல் நாளொன்றுக்கு 135 வரை எட்டியதென்று புளூ கிராஸ் அமைப்பு கணக்குக் காட்டுகிறது. நாய்கள் குறைந்தனவா? இல்லை. கொன்று வெறுமையாக்கிய தெருவுக்கு, அங்கே குவிந்து கிடக்கும் எச்சிலை நாடி அயல்தெரு நாய்கள் வந்தன. வந்தவை குட்டி போட்டன. அவ்வாண்டில்தான் சென்னை கருத்தடை வழிக்குத் திரும்பியது.

இது பரிதாபக் கதை மட்டுமன்று. 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோய்க்கு 377 பேர் பலியாயினர். 2010 இன் பின்னர் அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதைத் தாண்டவில்லை. இதைச் சாதித்தவை நாய்களுக்கு இட்ட தடுப்பூசியும் அரசினர் ஆஸ்பத்திரிகளின் இலவச மருந்தும், தடியும் நஞ்சுமல்ல. நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி ஏறினால் நோய் பரவ வழியில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஊசி பெற்ற நாயைக் கொல்வது அந்த அரணை நாமே இடிப்பதாகும்.

2006 இல் அரசு கொல்லாமைக் கொள்கையை ஏற்றது. நல்லதே. ஆயினும் கொல்லாதிருப்பது பாதி வேலைதான். பிறப்பைக் கட்டுப்படுத்துவது மறுபாதி. அதற்குப் பணமும் வைத்தியரும் வேண்டும். பிலிமத்தலாவைக்கு அண்மையிலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. எனினும் சத்திரசிகிச்சைக்குக் காசில்லாத வீட்டார், பெண் குட்டிகளைச் சாக்கிலிட்டுக் கோயில் வாசலிலோ சந்தையிலோ விட்டுவருகின்றனர். அவர்களைக் கொடியவரென வைவது எளிது; கூலிக்காரன் வீட்டு நாய்க்குக் கருத்தடை இலவசமாய்க் கிடைக்கச் செய்வது கடினம். தெருக் குட்டியை எடுத்து வளர்க்க முன்வரும் ஆசிரியரும் மாணவரும் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் உள்ளூராட்சிச் சபையிடம் முதலில் கேட்கவேண்டியது, நடமாடும் சிகிச்சைக் கூடம் அடுத்து எந்நாளில் வரும் என்பதையே.