விலகுதல் என்னும் ஒரு சொல்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர் ஓர் உண்மையை அன்றாடம் காண்கின்றோம். நீண்ட சட்டப் பிரிவுகள் நம்மை அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை. அவற்றில் வரும் சொற்களுக்கு வரையறை உண்டு. நம்மைத் திகைக்க வைப்பவை சிறு சொற்களே. 2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பிரிட்டிஷ் மக்களிடம் தரப்பட்ட வாக்குச் சீட்டில் அத்தகைய சொல் ஒன்று இருந்தது. ஐரோப்பிய யூனியனில் உறுப்பு நாடாகத் தொடர்ந்திருப்பதா, அன்றி அதனை விட்டு விலகுவதா என்பதே கேள்வி. 'விலகுதல்' என அதனை ஒரே சொல்லில் தமிழாக்கிவிடலாம். ஆயின், அச்சொல்லுக்குப் பொருள் எழுத ஈராண்டுக்கு மேல் ஆயிற்று. 2018 நவம்பரில் வெளியான விலகல் ஒப்பந்த வரைவு 585 பக்கங்களாக விரிந்தது. அதன் பின்னரும் வழக்கு ஓயவில்லை.

பிரிட்டன் விலகியது சரியா, பிழையா என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. அது அந்நாட்டு மக்கள் தம் உரிமையைக் கொண்டு செய்த முடிவு. முடிவு செய்த பின்னும் அந்நாடு தன்னுடனேயே பல்லாண்டு வாதாட நேர்ந்தது ஏன் என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் பொருளாதாரக் கூட்டு என்பது யாது எனத் தெளிந்துகொள்வோம். சில நாடுகள் தம்முள் தீர்வை வாங்குவதில்லை என்று உடன்பட்டு, வெளியார் சரக்கின் மீது யாவரும் ஒரே தீர்வையை விதிப்பார்களாயின் அது சுங்கக் கூட்டு. அதற்கும் மேலே சென்று, சரக்கின் தரத்துக்கு ஒரே விதி வகுத்து, பண்டமும் பணமும் தொழிலும் மனிதரும் தடையின்றிச் சென்றுவர இடமளித்தால் அது ஒற்றைச் சந்தை. 1957-இல் ரோம் நகரில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையினின்று பிறந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், 1968-இல் சுங்கக் கூட்டை நிறைவு செய்தது; 1993-இல் ஒற்றைச் சந்தையாயிற்று.

பிரிட்டன் தொடக்கத்தில் ஒதுங்கி நின்றது. 1961-இல் சேர விண்ணப்பித்தது. பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் 1963-இல் ஒருமுறையும் 1967-இல் மறுமுறையும் அதனைத் தடுத்தார். அவர் பதவி நீங்கிய பின்னரே, 1973 ஜனவரி முதல் நாளன்று, அயர்லாந்தும் டென்மார்க்கும் உடன்வரப் பிரிட்டன் உள்ளே புகுந்தது. 1975-இல் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 67 சதவீதத்தினர் தொடர்ந்திருக்க இசைந்தனர். வாசலில் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து புகுந்த வீடு அது. அதனின்று வெளியேறுவது புகுவதினும் கடினமாகும் என்று அன்று எவரும் கருதியிருக்கமாட்டார்கள்.

பிரிட்டனுக்கு முன்னரே இக்கூட்டினின்று விலகிய நிலப்பகுதி ஒன்று உண்டு. டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்து அது. 1972-இல் டென்மார்க் கூட்டில் சேர வாக்களித்தபோது கிரீன்லாந்து மக்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்றனர். ஆயினும் டென்மார்க்குடன் சேர்ந்து அவர்களும் உள்ளே இழுக்கப்பட்டனர். தம் கடலில் பிற நாட்டு மீன்பிடி கப்பல்கள் உரிமை கொண்டாடுவதை அவர்கள் பொறுக்கவில்லை. 1979-இல் சுயாட்சி பெற்றதும், 1982-இல் தனியே வாக்கெடுத்து, சிறு வித்தியாசத்தில் விலக முடிவு செய்தனர். விலகல் நடைமுறைக்கு வந்தது 1985 பிப்ரவரி முதல் நாள். அன்று அங்கு வாழ்ந்தோர் ஐம்பதினாயிரம் அளவினரே. பேசவேண்டிய பொருளும் பெரும்பாலும் மீன் ஒன்றே. நிலவழி எல்லை என்பதும் அக்கூட்டோடு அதற்கு இல்லை. இவ்வளவு எளிதான விலகலுக்கே மூன்று ஆண்டு பிடித்தது என்பதை நினைவில் இருத்திக்கொண்டு பிரிட்டனுக்குத் திரும்புவோம்.

2016 வாக்கெடுப்பில் விலக வேண்டும் என்றோர் 51.9 சதவீதம், தொடர வேண்டும் என்றோர் 48.1 சதவீதம். இங்கிலாந்தும் வேல்ஸும் விலகுவதை விரும்பின. ஸ்காட்லாந்தில் 62 சதவீதத்தினரும், வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 சதவீதத்தினரும் தொடர்வதையே விரும்பினர். நான்கு நாடுகள் சேர்ந்து ஓர் அரசாக விளங்கும் இடத்தில் இரண்டு ஒரு பக்கமும் இரண்டு மறு பக்கமும் நின்றன. வாக்கெடுப்பை நடத்திய பிரதம மந்திரி டேவிட் காமரன் மறுநாளே பதவி விலகப்போவதாக அறிவித்தார்.

வாக்குச் சீட்டு 'விலகலாமா?' என்று வினவியது, 'எவ்வாறு விலகலாம்?' என்று வினவவில்லை. சுங்கக் கூட்டில் மட்டும் தங்கலாம் என்போர் இருந்தனர்; ஒற்றைச் சந்தையில் தங்கலாம் என்போர் இருந்தனர்; இரண்டும் வேண்டாம் என்போரும் இருந்தனர். விலகுவதற்குப் பெரும்பான்மை கிடைத்தது. விலகும் வழிகளுள் எந்த ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பின்னர் விளைந்த துன்பங்கள் பெரும்பாலும் இதனின்றே கிளைத்தன.

யூனியனின் உடன்படிக்கையில் 50-ஆவது பிரிவு விலகலுக்கு வழி காட்டுகிறது. விலக விரும்பும் நாடு அறிவிப்புத் தந்த நாள் முதல் ஈராண்டு அவகாசம். அதனை நீட்டிக்க ஏனைய நாடுகள் யாவும் ஒருமனதாய் இசைய வேண்டும். அறிவிப்புத் தரும் அதிகாரம் மந்திரிகளுக்கா, பாராளுமன்றத்துக்கா என்ற வழக்கு எழுந்து, 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாராளுமன்றத்தின் சட்டமின்றி அறிவிப்புத் தரலாகாது எனத் தீர்த்தது. அச்சட்டம் நிறைவேறிய பின், 2017 மார்ச் 29-ஆம் நாள் பிரதம மந்திரி தெரசா மே அறிவிப்பை அனுப்பினார். அன்று முதல் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அது விலகுவோரை நெருக்கியதே அன்றி, உள்ளே இருந்த 27 நாடுகளை அவ்வளவாக நெருக்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் தம் கையை வலுப்படுத்திக்கொள்ள மே நடத்திய தேர்தல் உள்ள பெரும்பான்மையையும் பறித்துக்கொண்டது. வட அயர்லாந்தின் ஒரு கட்சியைச் சேர்ந்த 10 உறுப்பினரின் ஆதரவில் அரசு நின்றது. அவர் கொணர்ந்த ஒப்பந்தத்தைக் காமன்ஸ் சபை 2019 ஜனவரி 15-ஆம் நாள் 432-க்கு 202 என்ற கணக்கில் தள்ளியது. மார்ச் மாதத்தில் இன்னும் இருமுறை தள்ளியது. மார்ச் 27-ஆம் நாள் உறுப்பினர்களே எட்டு வழிகளை முன்வைத்து ஒவ்வொன்றின் மீதும் வாக்கெடுத்தனர். எட்டும் தோற்றன. ஒப்பந்தமின்றி விலகுவதையும் சபை விரும்பவில்லை. கையிலிருந்த ஒப்பந்தத்தையும் விரும்பவில்லை.

இத்தனை தடுமாற்றத்துக்கும் நடுவே கிடந்த முடிச்சு அயர்லாந்தின் எல்லை. அயர்லாந்துத் தீவின் வடபகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. எஞ்சியது தனிக் குடியரசு. இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லை. வயல்களின் ஊடேயும் சிற்றூர்களின் ஊடேயும் அது செல்கிறது. அங்கே நடந்த முப்பதாண்டுக் கலகத்தில் 3,500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லைச் சாவடிகள் தாக்குதலுக்கு இலக்காயின. ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சாவடிகள் எடுபட்டன. 1998 ஏப்ரல் 10-ஆம் நாள் ஏற்பட்ட பெல்பாஸ்ட் உடன்படிக்கைக்குப் பின் இராணுவக் காவல் நிலையங்களும் படிப்படியாக எடுபட்டன. இப்பக்கம் வீடும் அப்பக்கம் பள்ளியும் உள்ளோர் எல்லையை எண்ணாமலே கடந்து சென்றனர். இரு நாடுகளும் ஒரே கூட்டில் இருந்தமை அந்த அமைதிக்குக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தாங்கலாய் விளங்கியது.

பிரிட்டிஷ் அரசு மூன்று உறுதிகளைக் கொடுத்தது. சுங்கக் கூட்டையும் ஒற்றைச் சந்தையையும் விட்டு முற்றிலும் வெளியேறுவோம் என்பது ஒன்று. அயர்லாந்தின் நில எல்லையில் சாவடி எழாது என்பது இரண்டு. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் பிற பகுதிக்கும் இடையே கோடு கிழியாது என்பது மூன்று. இவற்றுள் எந்த இரண்டையும் காக்கலாம். மூன்றையும் சேர்த்துக் காத்தல் இயலாது. இரு வேறு தீர்வை முறைகள் சந்திக்கும் இடத்தில் எங்கேனும் ஒருவர் நின்று சரக்கைப் பார்த்தாக வேண்டும். வேறு ஏற்பாடு கிடைக்கும் வரை பிரிட்டன் முழுவதும் ஐரோப்பாவோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கட்டும் என்று மே முதல் உறுதியைத் தளர்த்தினார். அவர் கட்சியினரே அவரைக் கைவிட்டனர்.

2019 ஜூலையில் பதவியேற்ற போரிஸ் ஜான்சன் மூன்றாவது உறுதியைத் தளர்த்தினார். இடையில் பாராளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைக்க அவர் செய்த முயற்சி செல்லாது என உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் 11 பேரும் ஒருமனதாகத் தீர்த்தனர். டிசம்பர் தேர்தலில் அவருக்கு 80 இடப் பெரும்பான்மை கிட்டியது. 2020 ஜனவரி 31-ஆம் நாள் இரவு 11 மணிக்குப் பிரிட்டன் யூனியனை விட்டு நீங்கியது. அவ்வாண்டின் இறுதியில் ஒற்றைச் சந்தையையும் சுங்கக் கூட்டையும் விட்டு நீங்கியது. எல்லைக்கோடு நிலத்தினின்று கடலுக்கு மாறியது. ஒரே நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்லும் சரக்குக்குப் பத்திரங்கள் தேவைப்பட்டன. இதனை எதிர்த்து வட அயர்லாந்தின் பெரிய யூனியனிஸ்டுக் கட்சி 2022 பிப்ரவரியில் கூட்டாட்சியினின்று விலகவே, அங்கு ஈராண்டு மந்திரிசபை இயங்கவில்லை. 2023-இல் வின்ஸர் ஏற்பாட்டின் வாயிலாகச் சோதனைகள் தளர்த்தப்பட்டன. 2024 பிப்ரவரியில் மந்திரிசபை மீண்டும் கூடியது.

இதுகாறும் சரக்கைப் பற்றியே பேசினோம். மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிற மாநிலத்தில் குடிபுகுந்து வாழும் நமக்கு அதுவே மனத்தில் தைக்கும். போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிறவிடங்களிலிருந்தும் வந்து பிரிட்டனில் வேரூன்றிய ஐரோப்பியர் பல லட்சம் பேர். எவரிடமும் அனுமதி கேளாது, உரிமையால் வந்தவர்கள் அவர்கள். 2016-இல் அவர்களுள் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் அங்கு வசித்த இந்தியக் குடிமகன் வாக்களிக்கலாம். முப்பது ஆண்டு அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் வாக்களிக்க இயலாது. பின்னர், தாம் வாழும் வீட்டில் தொடர்ந்து வாழ அவர்கள் விண்ணப்பம் எழுத வேண்டியதாயிற்று. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு எழுதினர். பெரும்பாலோருக்கு அனுமதி கிடைத்தது. எனினும், உரிமை வேறு, அனுமதி வேறு என்பதை அவர்கள் அறிந்துகொண்டனர்.

2021 ஜனவரியில் பிரிட்டனிலிருந்து ஹாலந்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய லாரி ஓட்டுநர் சிலரிடம், வழிக்கு வைத்திருந்த இறைச்சி ரொட்டியைச் சுங்க அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டனர். விதி அவ்வாறு இருந்தது. மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் வாழும் நம்மவர் வீட்டுக்கு ஊரிலிருந்து வரும் உறவினர் முறுக்கும் அப்பளமும் கட்டிக்கொண்டு எத்தனையோ மாநிலங்களைக் கடந்து வருகின்றனர். அம்மூட்டையை எவரும் தீர்வைக்காக அவிழ்ப்பதில்லை. நாடெங்கும் சென்று வசிக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவும், மாநிலங்களிடையே தடையற்ற வாணிபத்தை 301-ஆவது பிரிவும் கூறுகின்றன. அவ்விரு பிரிவுகளையும் நாம் நாள்தோறும் அனுபவிக்கின்றோம், ஆயின் நினைப்பதில்லை.

கூட்டினின்று விலகுவது ஒரு நாட்டின் உரிமையே. ஆயின் அவ்வுரிமையைப் பயன்படுத்துமுன், கோடு எங்கே விழும், அக்கோட்டின் மீது யார் வீடு இருக்கிறது என்ற இரு வினாக்களையும் மக்கள் முன் வைத்து விடை பெறுதல் வேண்டும். பிரிட்டன் அவ்வினாக்களை வாக்கெடுப்புக்குப் பின்னரே எழுப்பிக்கொண்டது. அவற்றுக்கு விடை தேடியதில் இரு பிரதம மந்திரிகளின் காலம் கழிந்தது.