வயிற்றுச் சவ்வில் தங்கிய கல்நார்

1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது முதல் 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது வரை, வடசென்னையின் தொழில்கள் பெரும்பாலும் நீராவியையும் கொதிகலனையும் நம்பியே வளர்ந்தன. வெப்பம் வீணாகாமல் காக்க, அந்தத் தலைமுறைக் கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் கப்பல்களின் எந்திர அறைகளுக்கும் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளால் ஆன போர்வையைச் சுற்றுவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. பழுதுபார்க்கும்போது அந்தப் போர்வையைப் பிய்த்தெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். அப்போது பறக்கும் தூசியின் இழைகள் கண்ணுக்குத் தெரியாதவை, உடலுக்குள் புகுந்தால் எளிதில் கரையாதவை.

நுரையீரலையும் வயிற்று உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் தோன்றும் அரிய புற்றுநோய்க்கு மீசோதிலியோமா என்று பெயர். வயிற்று உட்சவ்வான பெரிட்டோனியத்தில் அது தோன்றுவதை மில்லர், வின் ஆகிய இருவரும் 1908இலேயே விவரித்திருந்தனர். எனினும் 1960இல் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்துக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் நுரையீரல் சவ்வில் இந்நோய் கண்ட 33 பேரைப் பற்றி வாக்னரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய பின்னரே, தூசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகில் நிலைபெற்றது. வயிற்றில் வருவது இந்நோயின் சிறு பகுதியே. அவ்வாறு வரும் எல்லாவற்றுக்கும் கல்நார் காரணமன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தூசியைச் சுவாசித்த காலத்துக்கும் நோய் வெளிப்படும் காலத்துக்கும் இடையே இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை கழிந்துவிடுவதால், வேலையை விட்டு நெடுநாளான பிறகே தொழிலாளி மருத்துவமனைக்கு வருகிறார்.

வயிறு உப்பி நீர் கோர்த்துக்கொள்வதை மகோதரம் என்பர். அந்நிலையில் வருபவரிடம் நம் மருத்துவர்கள் கல்லீரல் நோயையும் காசநோயையுமே முதலில் எண்ணினர், அது நியாயமும்கூட. காசநோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்த முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு 1956இல் சென்னையில்தான் தொடங்கியது என்பதே, அந்நோய் இங்கே எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று. நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பதும், விடை கிடைக்காவிடில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பதும், அதுவும் பலிக்காதபோது வயிற்றைத் திறந்து பார்ப்பதுமே அன்றிருந்த வழிகள்.

லண்டனில் 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. சில ஆண்டுகளில் உடல் முழுவதையும் குறுக்கு வெட்டுகளாகக் காட்டும் கருவிகள் வந்தன. குடலுக்கு முன்னால் திரைபோல் தொங்கும் ஒமென்டம் என்னும் கொழுப்பு மடிப்பு சி.டி. படத்தில் இயல்பாகக் கருமையாகத் தெரியும். புற்றுநோய் பரவினால் அது சாம்பல் நிறத்தில் தடித்துக் கட்டியாகிறது, இதைக் கதிரியக்க மருத்துவர்கள் ஒமென்டல் கேக் என்கின்றனர். சவ்வு ஒரே சீராகத் தடித்து, நடுப்பகுதி அழுகிய நிணநீர்க் கணுக்களும் காணப்பட்டால் காசநோயின் பக்கமும், மேடு பள்ளமாக முடிச்சுகளுடன் தடித்திருந்தால் புற்றுநோயின் பக்கமும் ஐயம் சாய்கிறது. வயிற்றுப் படத்தின் மேல் வெட்டுகளில், நுரையீரலின் அடிப்பகுதியைச் சூழ்ந்த சவ்வில் சுண்ணாம்பு படிந்த தகடுகள் தென்பட்டால், அவை பழைய கல்நார்த் தூசியின் தடயமாக இருக்கக்கூடும். ஆயினும் சினைப்பை, இரைப்பை ஆகியவற்றிலிருந்து பரவும் புற்றும் இதே தோற்றம் கொள்வதால், சி.டி. வழிகாட்டும் இடத்திலிருந்து சதைத்துணுக்கு எடுத்து, கால்ரெட்டினின் போன்ற புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்தே நோய் உறுதியாகிறது.

படத்தால் சொல்ல முடியாதது தொழிலாளியின் பணி வரலாறு. கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் ஆணையிட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. அதுபோன்ற இடங்களில் கொதிகலன் பழுதுபார்ப்பில் ஒப்பந்தக்காரரின் ஆளாக ஒரு பருவம் வேலை செய்தவருக்கு அத்தகைய பதிவேடு கிடைப்பது அரிது. அவர் முதுமையில் வயிறு உப்பி ஸ்டான்லி மருத்துவமனைக்கு வந்தால், முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை செய்தார் என்ற கேள்வியை ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கும் மருத்துவரே கேட்டுச் சீட்டில் குறிக்க வேண்டியிருக்கிறது.