கொல்லிமலைக் கல்லும் மேட்டூர்ச் சிவப்புச் சேறும்



இராசிபுரத்தில் படித்த எவருக்கும் கொல்லிமலை அந்நியமல்ல. வல்வில் ஓரி ஆண்ட மலை, தேனுக்கும் பலாவுக்கும் பேர் போன மலை. அதன் மேலே பாக்சைட் கல்லும் வெட்டினார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கல்லின் கதையைத்தான் எழுதலாமென்று உட்கார்ந்தேன்.

மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதாங்க நம்ம மால்கோ, 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய கல் அங்கே போயிற்று. கல்லைப் பொடியாக்கிச் சூடான காஸ்டிக் சோடாவில் வேகவைப்பது பேயர் என்ற ஆஸ்திரியர் கண்ட முறை. அலுமினா கரைந்து வந்துவிடும். இரும்பும் டைட்டானியமும் கரையாமல் அடியில் தங்கும். ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று, ஒன்றரை டன் சிவப்புச் சேறு! காரம் மிகுந்த சேறு. புல் பூண்டு முளைக்காது, காய்ந்தால் தூசி. 2010-இல் ஹங்கேரியில் இப்படியொரு சேற்றுக்குளத்தின் கரை உடைந்து பத்துப் பேர் மாண்டனர். மேட்டூர் உருக்காலை 2008-இல் நின்றது. சேறு எங்கே போகும்?

இனிதான் சங்கதியே இருக்கிறது. அருமண் தனிமங்களும் காஸ்டிக்கில் கரையாமல் சேற்றிலேயே தங்கிவிடுகின்றன, அதுவும் கல்லில் இருந்ததைப்போல ஏறக்குறைய இருமடங்கு செறிவாக! கூடவே ஸ்காண்டியம். மெண்டலீவ் 1871-இல் 'இப்படியொன்று இருந்தே தீரும்' என்று கணித்து, 1879-இல் நில்சன் கண்டெடுத்தாரே, வகுப்பில் படித்தோமே, அதேதான். கிரீஸ் நாட்டுச் சேற்றில் டன்னுக்குச் சுமார் 100 கிராம் இருக்கிறதாம். அலுமினியத்தில் துளி சேர்த்தாலே உறுதி கூடும்.

கழிவு காசாவது நமக்குப் புதிதல்ல. மணவாளக்குறிச்சி மோனசைட் மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்டது, ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிய மணலிலிருந்து. அன்று எல்லாருக்கும் வேண்டியது தோரியம். நம் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேன்டிலுக்கு அதுதானே உயிர். மிஞ்சிய அருமண்ணைச் சீந்துவாரில்லை. பிறகு அதுவே சிகரெட் லைட்டர் கல்லாயிற்று. இன்று காந்தத்துக்கு அதைத்தான் உலகமே தேடுகிறது.

ஆனால் சேற்றிலிருந்து எடுப்பது லேசல்ல. அமிலம் ஊற்றினால் முதலில் காரமே அதைக் குடித்துவிடும், பிறகு இரும்பும் கூடவே கரைந்து வரும். டன்னுக்குச் சில நூறு கிராம் எடுத்தபின் மிச்சச் சேறு அப்படியே கிடக்குமே! அதையும் சிமெண்டுக்கோ செங்கல்லுக்கோ சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் கட்டுப்படியாகும் என்பது என் கட்சி. நாக்பூர் ஜவஹர்லால் நேரு அலுமினிய ஆராய்ச்சி மையம் இந்தச் சேற்றில் வேலை செய்திருக்கிறது. வேதியியல் படித்த நம் நண்பர்கள் யாராவது மேட்டூர்ப் பக்கம் இருந்தால், சந்திப்பன்று என்னைத் தேடி வாருங்கள். பேச நிறைய இருக்கிறது.