கல்லில் நின்ற நாய்கள்

சிவாலயத்தை வலம் வருவோர் பைரவர் சந்நிதியை அடைந்ததும், பெருமானுக்குப் பின்னே நிற்கும் நாயையும் சேர்த்தே வணங்குகின்றனர். தெருநாயொன்று பிராகாரத்துள் புகுந்துவிட்டாலோ, தீட்டென்று விரட்டுவோரும் அவர்களே! விலக்கப்பட்ட பிராணி மூர்த்தியின் வாகனமானது எங்ஙனம்? பைரவர் க்ஷேத்திரபாலர், ஆலயங் காப்பவர். காவலுக்கு நாயினும் சிறந்த குறியீடு யாது?

காட்டு விலங்குகளின் நிலை வேறு. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் தூண்களைத் தாங்கும் சிங்கங்கள் பல்லவர்தம் ஆற்றலைப் பறைசாற்றுவன. பன்றியோ ஒரு மண்டபத்தில் நிலமகளை ஏந்திய வராகப் பெருமான். பிறிதொரு சிற்பத்தில் அருச்சுனன் தவத்தைக் குலைக்க வந்த மூகாசுரன். விலங்கின் பொருளை அதன் உருவில் மட்டும் தேடுதல் வீண். அஃது யார் பக்கம் நிற்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நாய் தன் தலைவன் பக்கமே நின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தியின் உருவுடன் அவனுடைய நாயின் உருவும் அதில் உண்டு. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். பல்லவப் பேரரசன் பெயர் பொறித்த கல்லில் நாயின் பெயரும் பொறிக்கப்பெற்றது சிறிய செய்தியன்று.

இதனினும் வியத்தகு கல்லொன்று கன்னட நாட்டில் எழுந்தது. கி.பி. 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் வீழ்ந்தான். அவனை வீழ்த்திய கங்க மன்னன் பூதுகனின் வீரருள் மணலேரன் என்பான் ஒருவன். அவனது தீரத்தை மெச்சி, வேண்டுவது கேள் என அரசன் மொழிய, அவன் ஊரையோ பொன்னையோ கேட்டானல்லன். காளி என்னும் வேட்டை நாயையே கேட்டான். பின்னர் அந்நாய் பெரும் பன்றியொன்றோடு பொருதது, இரண்டும் மாண்டன. ஆதகூர்ச் சல்லேசுவரர் கோயில் முன்பு அதற்குக் கல் நாட்டி, நிலமும் விட்டனர். நாயும் பன்றியும் பொரும் சிற்பத்தோடு அக்கல் இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

நிலத்தைப் பேணும் சிவனடியார் அக்கல்லைப் பூசியாமல் உண்பாராயின், நாய் செய்த பாவம் அவரைச் சேரும் என்பது சாசனத்தின் கட்டளை. காளிக்கும் பாவமுண்டென்று எழுதிய அதே கை, அதற்கு நாள்தோறும் பூசையையும் விதித்தது.