இதயத்துடிப்பிலேயே சார்ஜ் ஆகுமா பேஸ்மேக்கர்? நானோ ஜெனரேட்டர் வேலை செய்வது எப்படி?

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரின் பேட்டரி பொதுவாக 7 முதல் 15 ஆண்டுகள் வரைதான் தாங்கும். செல்போன் மாதிரி சார்ஜ் போட முடியாது. பேட்டரி தீரும்போது, தோலுக்கடியில் உள்ள கருவியையே ஆபரேஷன் செய்து மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் நோய்த்தொற்று அபாயம் உண்டு. இதற்குத் தீர்வாகப் பேசப்படுவதுதான் நானோ ஜெனரேட்டர்.

எப்படி கரண்ட் வருது?

கேஸ் லைட்டரை அழுத்தினால் தீப்பொறி வருதே, அதே தத்துவம்தான். சில படிகங்களை அழுத்தினாலோ வளைத்தாலோ மின்சாரம் உருவாகும். 2006ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் விஞ்ஞானி சோங் லின் வாங் குழு, துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளை வளைத்து இதைச் சாதித்தது. 2012ல், இரு பொருட்கள் உரசிப் பிரியும்போது வரும் மின்சாரத்தைச் சேகரிக்கும் கருவியையும் உருவாக்கியது.

இதயத்துக்கு இது போதுமா?

2019ல் சீன ஆய்வாளர்கள் பன்றியின் உடலில் இப்படியொரு பேஸ்மேக்கரைப் பொருத்தினர். ஒரு துடிப்பில் கிடைத்த ஆற்றல் 0.495 மைக்ரோஜூல். இதயத்தைத் தூண்டத் தேவைப்பட்டது 0.377 மைக்ரோஜூல்தான். சீரற்ற துடிப்பையும் அது சரிசெய்தது.

சிக்கல் என்ன?

இதயம் பலவீனமானால் கிடைக்கும் மின்சாரமும் குறையும். கருவி அதிகம் தேவைப்படும் நேரமே அதுதான்! அதனால் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வசதி அவசியம். ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளையும், உடலின் ஈரத்தையும் கருவி தாங்க வேண்டும்.

எனவே பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு பேட்டரி பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.