தூண்டற்குறியும் நிறமும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில், கண்டி வீதியும் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியும் சந்திக்கும் ஊர் கொடிகாமம். 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையுற்றபோது அவ்வூர் கொழும்புடன் இணைந்தது. 1990இல் அறுந்த அவ்விணைப்பு 2014 ஒக்டோபரில் மீண்டது. இலங்கைப் புகையிரதப் பாதைகளில் நெடுங்காலம் சாரதிக்கு ஆணை வழங்கியது கைகாட்டி மரமாகும். கிடையாக நீண்ட கை நிற்குமாறும், சாய்ந்த கை செல்லுமாறும் பகலில் உணர்த்தின. இருளில் அதே செய்தியைச் செவ்விளக்கும் பச்சை விளக்கும் உணர்த்தின. வடிவமும் நிறமும் ஒன்றற்கொன்று துணையாக நின்ற ஏற்பாடு இது. ஆணையிடும் மனிதனுக்கும் ஆணை ஏற்கும் பொறிக்கும் இடையே நிறம் ஆற்றும் பணியை ஆராய்வோர்க்கு இவ்வேற்பாடு சிறந்த தொடக்கமாக அமையும். கணினித் திரையிலும் இதே வரலாறு வேறோர் உருவில் நிகழ்ந்துள்ளது.

கணினிக்கு எழுத்தால் கட்டளையிடும் முறையில், கட்டளையை ஏற்று நிறைவேற்றும் நிரல் 'ஷெல்' எனப்படும். கட்டளையை எதிர்நோக்கி அது வரியின் முகப்பில் இடும் அடையாளமே தூண்டற்குறி. தொடக்கத்தில் திரை இல்லை. தட்டச்சுப்பொறி போன்ற முனையங்கள் தாளிலேயே அச்சிட்டன. எனினும் நிற வேட்கை அன்றே தோன்றிவிட்டது. 1960களில் உருவான 'மல்டிக்ஸ்' அமைப்பின் எழுத்துத் தொகுதியில், சிவப்பு மை நாடாவுக்கு மாறுவதற்கும் கறுப்புக்கு மீள்வதற்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் குறிகள் இடம்பெற்றிருந்தன.

1975இல் வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் சாதாரணப் பயனருக்கு '%' என்பதும், அனைத்து அதிகாரமும் உடைய மேற்பயனருக்கு '#' என்பதும் தூண்டற்குறிகளாயின. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் ஆக்கிய ஷெல், முன்னதற்கு '$' குறியை வழங்கியது, பின்னதை மாற்றவில்லை. அத்துடன் தூண்டற்குறியைப் பயனரே தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் வசதியையும் அது தந்தது. ஒற்றைக் குறியின் பின்னே இருந்த பொருள் பெரிது. மேற்பயனரின் கட்டளையைக் கணினி பெரும்பாலும் மறுப்பதில்லை. கோப்புகள் அனைத்தையும் அழிக்கச் சொன்னாலும் அழித்துவிடும்.

திரை முனையங்கள் பரவியபோது நிறத்திற்குரிய பொதுமொழி தேவைப்பட்டது. 1976இல் ஐரோப்பியக் கணினி உற்பத்தியாளர் சங்கமும், 1979இல் அமெரிக்கத் தர நிறுவனமும் அதற்கான நியமங்களை வெளியிட்டன. 'எஸ்கேப்' எனும் கண்ணுக்குப் புலப்படாத குறி, அதன்பின் ஒரு பகர அடைப்பு, ஓர் எண், இறுதியில் ஓர் எழுத்து என்பதே அதன் அமைப்பு. எண் 31 சிவப்பையும், 32 பச்சையையும், 0 இயல்பு நிலைக்கு மீள்வதையும் குறிக்கும். 1983இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் 2.0 தூண்டற்குறியினுள் இக்குறிகளைச் சேர்க்க இடமளித்தது. 1989இல் பிரையன் பொக்ஸ் வெளியிட்ட 'பாஷ்' ஷெல் பின்னாளில் லினக்ஸ் வழியாக உலகெங்கும் பரவியது.

இங்கு ஒரு நுட்பம் கருதற்பாலது. நிறக்குறிகள் திரையில் இடம் பிடிப்பதில்லை. அவற்றைத் தனி அடைப்புக்குறிகளால் வேலியிட்டுக் காட்டாவிடின், பாஷ் அவற்றையும் எழுத்துகளாகக் கணக்கிட்டு வரியின் நீளத்தைத் தவறாக அளக்கும்; நீண்ட கட்டளை தன் வரியின் மீதே மீள எழுதப்பட்டுக் குழம்பும். இறுதியில் 0 இட மறந்தால், தூண்டற்குறியின் நிறம் பயனர் எழுதும் கட்டளை மீதும் படரும்.

நிறம் அணியா, அறிவிப்பா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 'ஜென்டூ' லினக்ஸ் சாதாரணப் பயனருக்குப் பச்சையையும் மேற்பயனருக்குச் சிவப்பையும் வகுத்தது. 'டெபியன்' தன் முன்னமைப்பில் நிறத்தைத் தவிர்த்தது. பயனரின் கவனம் கட்டளையின் விளைவிலேயே நிலைக்கவேண்டும், தூண்டற்குறியில் அன்று என்பது அது கூறிய காரணம். இரண்டிலும் உண்மை உண்டு. எல்லாவற்றிற்கும் வண்ணம் தீட்டினால் எச்சரிக்கை மங்கும். ஆயின் பழகிய கண், '#' போன்ற சிறு குறியை எளிதில் கடந்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்புவதும் தகாது. பிரித்தானியப் புகையிரதப் பாதைகளில் முன்னர் வெண்மையே செல்லும் உரிமையைக் குறித்தது. செங்கண்ணாடி உடைந்தால் விளக்கு வெண்மையாய்த் தோன்றி இடர் விளையுமாதலின் அவ்விடத்தைப் பச்சை பெற்றது. நிறத்தின் பொருள் இயற்கையன்று, வழக்கே என்பதற்கு இது சான்று. 1875இல் சுவீடனின் லாகர்லுண்டாவில் நிகழ்ந்த புகையிரத விபத்திற்கு நிறக்குருடு காரணமாகலாம் என ஐயுற்ற ஹோம்கிரன், புகையிரத ஊழியரின் கண்களைச் சோதிக்கும் முறையை வகுத்தார். ஐரோப்பிய வழிவந்த ஆண்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர்க்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு தெளிவாகப் புலப்படுவதில்லை. அவர்களுக்குச் சிவந்த தூண்டற்குறி தனித்து எதனையும் உணர்த்தாது.

ஆகவே தூண்டற்குறிக்கு நிறம் தீட்டுவோர் '$', '#' ஆகிய குறிகளை நீக்கிவிடுதல் ஆகாது. கைகாட்டி மரத்தில் கையின் நிலையும் விளக்கின் நிறமும் ஒரே செய்தியை இருமுறை கூறின. ஒன்றைக் காணத் தவறியவர்க்கு மற்றது காவலாயிற்று. அழிக்கும் வல்லமை ஒருவர் கையில் தரப்படும்போது, அதனை அவருக்கு நினைவூட்டும் அடையாளமும் அவ்வாறே இரட்டைச் சான்றாய் நிற்றல் வேண்டும்.