மின்தேக்குத் தொடு இடைமுகங்களில் பயனர் பின்னூட்டம்

மின்தேக்குத் தொடு இடைமுகங்களில் பயனர் பின்னூட்டம் என்பது, விரலின் தொடுகையைக் கருவி ஏற்றுக்கொண்டதை ஒளி, ஒலி அல்லது அதிர்வு மூலம் பயனருக்கு உணர்த்தும் முறை ஆகும். கைபேசித் திரைகள், இண்டக்சன் அடுப்புகள், மின்தூக்கிப் பொத்தான்கள் போன்றவற்றில் இது பயன்படுகிறது.

தேவை

இயந்திரப் பொத்தான் அழுத்தும்போது கீழிறங்கி, 'கிளிக்' என்ற ஒலியுடன் மீள்கிறது. கட்டளை பதிவானதை விரலே அறிந்துகொள்கிறது. மின்தேக்குத் தொடுவுணரியில் நகரும் பாகம் எதுவும் இல்லை. கண்ணாடி அல்லது நெகிழிப் பரப்பின் கீழ் உள்ள மின்முனையின் மின்தேக்குதிறன், விரல் நெருங்கும்போது மிகச் சிறிதளவு மாறுகிறது. நுண்கட்டுப்படுத்தி இம்மாற்றத்தை அளந்து, அது வரையறுத்த அளவைத் தாண்டினால் தொடுகை எனக் கொள்கிறது. பயனர் உணர்வது அசையாத பரப்பை மட்டுமே. பின்னூட்டம் இல்லாவிடின் அவர் மீண்டும் தொடுவார்; ஒரே கட்டளை இருமுறை பதிவாகக்கூடும்.

வகைகள்

* ஒளி: எல்.இ.டி. விளக்கு அல்லது திரையில் தோன்றும் மாற்றம். விரல் பொத்தானை மறைப்பதால், விளக்கைப் பொத்தானுக்குச் சற்று மேலே அமைப்பது நல்லது.
* ஒலி: பீசோமின் ஒலிப்பான் எழுப்பும் குறுகிய ஒலி. இரைச்சல் மிகுந்த இடங்களில் இதன் பயன் குறைவு.
* அதிர்வு: மையம் விலகிய எடை பொருத்திய சிறு மின்னோடி மலிவானது, ஆனால் வேகம் பெறச் சில பத்து மில்லிசெக்கன்கள் ஆகும். நேர்கோட்டு ஒத்ததிர்வு இயக்கி இதைவிட விரைவாகத் தொடங்கி நிற்கும். 2016 இல் வெளியான ஐபோன் 7 இன் முகப்புப் பொத்தான் அசையாதது. அழுத்திய உணர்வை அதிர்வே தந்தது.

வடிவமைப்பு

மென்பொருள் கட்டளையை ஏற்ற பின்னரே பின்னூட்டம் தரப்பட வேண்டும். ஏற்காத தொடுகைக்கு ஒலி எழுந்தால் பயனர் ஏமாற்றப்படுகிறார். பின்னூட்ட உறுப்புகளே உணரியைக் குழப்புவதும் உண்டு. அணைந்த நிலையில் இணைப்பு துண்டிக்கப்படும் எல்.இ.டி., அருகிலுள்ள மின்முனையின் மின்தேக்குதிறனை மாற்றித் தவறான தொடுகையைத் தோற்றுவிக்கலாம். இதைத் தவிர்க்க அதற்கு இணையாகச் சிறு மின்தேக்கி ஒன்று இணைக்கப்படுகிறது.

அணுகுதன்மையும் பாதுகாப்பும்

பார்வையற்றோர் தடவிப் பார்த்தே பொத்தானைக் கண்டறிவர். தொடுபரப்பில் அவ்வாறு தேடும் தொடுகையே கட்டளையாகிவிடும். 2009 இல் ஐபோன் 3ஜிஎஸ் உடன் ஐபோனில் அறிமுகமான வாய்சுஓவர், முதல் தொடுகையில் உறுப்பின் பெயரைப் பேசி, இருமுறை தட்டிய பின்னரே அதைச் செயற்படுத்துகிறது.

தொட்டறியும் பின்னூட்டம் இல்லாமை எல்லா வகைத் தொடுதிரைகளுக்கும் பொதுவான குறையாகும். 2017 ஆகத்து 21 அன்று அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெயின் கப்பல், சிங்கப்பூர் நீரிணை அருகே எண்ணெய்க் கப்பலுடன் மோதியதில் 10 மாலுமிகள் இறந்தனர். இடது, வலது உந்திகளின் வேகக் கட்டுப்பாடுகள் தனித்தனியாகப் பிரிந்திருந்ததைத் தொட்டு உணரத் தொடுதிரையில் வழியில்லை என்பதை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் 2019 அறிக்கையில் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டில், இவ்வகைக் கப்பல்களில் கையால் நகர்த்தும் வேகக் கட்டுப்பாடுகளை மீண்டும் பொருத்தப்போவதாகக் கடற்படை அறிவித்தது.